அம்மாவின் இதயத்துக்குக் கிளிப் போட்ட கதை

அம்மா எப்போது ஒரு தலையணையிலிருந்து மூன்று தலையணைக்கு மாறினாள் என்று இப்போது யோசித்தால் 2022 ஐப்பசி மழையில்தான் என்று நினைக்கிறேன். படுத்தால் இருமல் வரும், எழுந்து உட்கார்ந்தால் நிற்கும். "சளிதான்டி, இந்த ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள். கோவில்பட்டியில் எங்கள் பக்கத்துத் தெரு டாக்டர் இளைப்பு என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். உறிஞ்சினால் கொஞ்சம் தேவலை என்பாள், மறுநாள் ராத்திரி பழையபடி கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மருந்து. இப்படியே பத்து மாதம் ஓட்டினோம்.

அந்த டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2017இல் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தோம். ஆறு மாதம் ஒழுங்காகப் போனோம். அப்புறம் அலைச்சல், செலவு, எனக்கு லீவு இல்லை. கடைசியாக எழுதிய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி ஐந்து வருஷம் மாத்திரை வாங்கினேன். மடிப்பில் கிழிந்துபோய் டேப் ஒட்டிய சீட்டு. கடைக்காரருக்கு மனப்பாடம், நான் நீட்டுவதற்குள் எடுத்து வைத்துவிடுவார். அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, அப்பாவும் இல்லை, எனவே இந்தத் தப்பை யாரோடும் பங்கு போட முடியவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், சாயங்காலம் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால், நெஞ்சுச் சளி என்று இருந்துவிடாதீர்கள். எக்கோ எடுங்கள். நான் பிறகு எடுத்தபோது 1,800 ரூபாய் ஆனது. இரண்டு மாத இன்ஹேலர் காசுகூட இல்லை.

2023 ஆகஸ்டில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள். பேச்சு வரவில்லை, கையைக் காட்டினாள். வாயில் நுரை மாதிரி எச்சில், உடம்பெல்லாம் வேர்வை. 108இல் ஏற்றி திருநெல்வேலிக்குப் போனோம். நுரையீரல் முழுக்க நீர் கோத்திருந்தது. முகத்தில் இறுக்கிக் கட்டும் மூச்சுக்கருவி போட்டு, நீரை இறக்க ஊசி போட்டு, நாலு நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். பில் 1,42,000. இன்சூரன்ஸ் 1,10,000 கொடுத்தது. இந்த 1,10,000 பின்னால் மறுபடி வரும்.

எக்கோ பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது: பம்பிங் (ஒவ்வொரு துடிப்புக்கும் கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 30 சதவீதம்தான், மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு. இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்கள் சேர்ந்த கதவு இருக்கிறது, அதுதான் மைட்ரல் வால்வு. கீழறை சுருங்கும்போது அது சாத்திக்கொள்ள வேண்டும். அம்மாவின் கதவில் கோளாறு இல்லை, நிலைச்சட்டம்தான் விரிந்துவிட்டது. மாரடைப்பில் தசை பலவீனமாகி, இதயம் ஊதிப் பெருத்து, இதழ்களைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நரம்பு போன்ற கயிறுகள் விறைத்து, இரண்டு இதழும் நடுவில் சேராமல் நின்றுவிட்டன. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் நுரையீரல் பக்கமே திரும்பிப் போகிறது. படுத்தால் இருமல் வந்தது இதனால்தான்.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய அம்மாவுக்கு உடம்பு தாங்காது என்றார்கள். வயது 73, பம்பிங் குறைவு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7. அதற்குப் பதில் தொடை வழியாகக் குழாய் விட்டு இரண்டு இதழையும் நடுவில் கிளிப் போட்டு இணைத்துவிடலாம், 32 லட்சம் ஆகும் என்றார்கள். "சீக்கிரம் முடிவெடுங்க, அடுத்த தடவை இப்படி வந்தா கேரன்டி சொல்ல முடியாது." இதைக் கேட்டபின் யாருக்கு யோசிக்கத் தோன்றும்? அன்றைக்கே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டினேன். பைபாஸ் பக்கம் அப்பா வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் மனையை மூன்று வாரத்தில் விற்றேன். பதினைந்துக்குக் கேட்டவர்கள் உண்டு. அவசரம் என்று தெரிந்தால் வாங்குகிறவர் முகமே மாறிவிடும். பதினொன்றுக்குக் கொடுத்தேன். பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலில் நின்றபோது அழுகை வரவில்லை, அப்பா மேல்தான் கோபம் வந்தது. எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போயிருப்பேன். எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அக்கா ஒருவர்தான், "இவ்வளவு பெரிய தொகை, இன்னொரு டாக்டரைப் பாரு, ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகாது" என்று சத்தம் போட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் போட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் எக்கோவைப் பார்ப்பதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைக் கேட்டார். டேப் ஒட்டிய அதே சீட்டு. பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதய பலவீனத்துக்குத் தர வேண்டிய மருந்துல பாதிகூட இவங்களுக்குப் போகலை. மூணு மாசம் மருந்து கொடுத்துப் பார்ப்போம். கிளிப் அப்புறம்."

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. உயிர் போகிற விஷயத்தில் இவர் மாத்திரை மாத்திக் கொடுக்கிறாரே என்றுதான் இருந்தது. முகத்தில் தெரிந்திருக்கும் போல, உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கசிவு இரண்டு வகை. இதழே கெட்டுப்போயோ கயிறு அறுந்தோ வருவது ஒன்று. அதில் மருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, வால்வைத்தான் சரி செய்ய வேண்டும். இன்னொன்று அம்மாவுடையது மாதிரி, இதயம் பெருத்ததால் வருவது. மருந்து வேலை செய்து இதயம் கொஞ்சம் சுருங்கினால் சிலருக்குக் கசிவு தானாகக் குறையும். குறையாதவர்களுக்குத்தான் கிளிப்.

2018இல் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தனவாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரை வைத்து நடந்த கோஆப்ட் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருஷத்தில் 46 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மருந்தோடு கிளிப்பும் போட்டவர்களில் 29 சதவீதம். பிரான்சில் நடந்த மைட்ரா எஃப்.ஆர். ஆய்வில் கிளிப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரு வருஷத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஒரே கிளிப், நேர் எதிரான இரண்டு முடிவு. அமெரிக்க ஆய்வில் மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்து, அப்படியும் கசிவு குறையாதவர்களைத்தான் சேர்த்தார்கள், இதயம் அளவு மீறிப் பெருத்துப்போனவர்களைச் சேர்க்கவில்லை, வித்தியாசத்துக்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: கிளிப் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, இந்த ஆளுக்கு, இந்த இதயத்துக்கு, இப்போது சரியா என்று கேட்க வேண்டும். மனையை விற்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்று மாதமும் லேசாகப் போகவில்லை. பழைய சீட்டில் இருந்த ராமிப்ரிலை நிறுத்தி, 36 மணி நேரம் இடைவெளி விட்டு, சாகுபிட்ரில்-வால்சார்டன் என்கிற மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் முகம், தொண்டை வீங்கி ஆபத்தாகலாம். பழக்கதோஷத்தில் கடைக்காரர் ராமிப்ரிலையும் எடுத்து வைத்துவிட்டார், நான் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். டாபாகிளிஃப்ளோசின் என்று ஒன்று. கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு "இது சர்க்கரை மாத்திரை, அம்மாவுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. பதறிப்போய் சென்னைக்குப் போன் செய்தேன். இதய பலவீனத்துக்கும் இதையே கொடுப்பார்களாம். ரத்த அழுத்தம் 90க்கு இறங்கி ஒருநாள் குளியலறையில் தடுமாறினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம், கிரியாட்டினின் டெஸ்ட். உப்பைக் குறைத்தோம், ஊறுகாயும் அப்பளமும் வீட்டை விட்டே போயின. அம்மாவுக்கு அந்தக் கோபம்தான் அதிகம்.

டிசம்பரில் பம்பிங் 35. மூன்று தலையணை இரண்டானது. ஆனால் கசிவு அப்படியேதான் இருந்தது. இப்போதுதான் டாக்டர் கிளிப்பைப் பற்றிப் பேசினார், அதுவும் டி.இ.இ. எடுத்த பிறகு. தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, இதயத்துக்குப் பின்னால் இருந்து எடுக்கும் எக்கோ அது. மேலே ஜெல் தடவி எடுப்பதில் இதழ்களின் நீளமும், எந்த இடத்தில் இடைவெளி என்பதும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. முதல் ஆஸ்பத்திரியில் இதை எடுக்காமலேயே 32 லட்சம் சொல்லியிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லா வால்வுக்கும் கிளிப் பொருந்தாது. இதழில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பிடிக்காது. சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு தடித்துச் சுருங்கியவர்களுக்கு (நம் ஊரில் இவர்கள் நிறையப் பேர்) பொதுவாக ஒத்துவராது, ஏற்கெனவே குறுகிய வாசலைக் கிளிப் இன்னும் குறுக்கிவிடும். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் டி.இ.இ. எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

டாக்டர் எனக்குத் திரையைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் இரண்டு மெல்லிய இதழ்கள், காற்றில் அடிக்கும் ஜன்னல் கதவு மாதிரி. கலரைப் போட்டதும் சாத்திய கதவின் நடுவிலிருந்து நீலமும் மஞ்சளும் கலந்து ஒரு பீய்ச்சல் மேலறைக்குள் அடித்தது. பத்து மாதம் இருமல் மருந்து கொடுத்தோமே என்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் அல்ஃபியேரி என்ற அறுவை மருத்துவர் 1990களின் தொடக்கத்தில், கசியும் வால்வின் இரண்டு இதழையும் நடுவில் தையல் போட்டு இணைத்துப் பார்த்தார். ஒரு வாசல் இரண்டு சின்ன வாசலாகும், கசிவு அடைபடும். அந்தத் தையலுக்குப் பதிலாகத்தான் கிளிப். வார்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கொடியில துணி பறக்காம மாட்டுவோமே, அந்தக் கிளிப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது பன்னெண்டு உருப்படி முப்பது ரூவாய்க்கு வாங்கிருக்கேன் ஏட்டி."

சென்னை ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் 26.5 லட்சம். இதில் பெரும்பங்கு கிளிப்பின் விலைதான். அம்மாவுக்குப் போட்டது அபாட் கம்பெனியின் மைட்ராகிளிப். எட்வர்ட்ஸ் கம்பெனியின் பாஸ்கல் என்று இன்னொன்றும் உண்டு. பில்லிங்கில் இருந்த தம்பியிடம் ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்கினேன்: இரண்டாவது கிளிப் தேவைப்பட்டால் தனிக் காசா? தனிக் கட்டணம் இல்லை என்று எழுதி சீல் போட்டுக் கொடுத்தார். கடைசியில் இரண்டு கிளிப்தான் போட்டார்கள், அந்தத் தாள்தான் காப்பாற்றியது. ஆனால் ஐ.சி.யூ.வில் ஒரு நாள் கூடினால் என்ன கணக்கு என்று கேட்க விட்டுவிட்டேன். அதிலும் சில்லறைச் சாமான்களிலும் ஏறி, முடிவான பில் 28.10 லட்சம். இன்சூரன்ஸ் 3.90, மனை 11, என் நகையும் அம்மா நகையும் சேர்த்து அடமானம் 5, பி.எஃப். கடன் 4, அம்மாவின் டெபாசிட் 3.20, சித்தி கொடுத்தது 1. டெஸ்ட், பயணம், லாட்ஜ் எல்லாம் இதற்கு வெளியே. முதல் ஆஸ்பத்திரியில் கட்டிய இரண்டு லட்சத்தில் 45,000 பிடித்துக்கொண்டு மிச்சத்தை நாலு மாதம் கழித்துத் தந்தார்கள், ஏழு கடிதம் எழுதிய பிறகு. அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பாலிசி ஐந்து லட்சம். ஆகஸ்டில் 1,10,000 எடுத்தாகிவிட்டதால் மிச்சம் 3.90தான். சிகிச்சை நடந்தது 2024 ஜனவரி கடைசி வாரம். பாலிசி புதுப்பிக்கும் தேதி பிப்ரவரி 18. புதுப்பித்த மறுநாளே முழு ஐந்து லட்சமும் திரும்ப வந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தால் அவர் முடியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. தேதி குறிக்கும்போது ஒரு கையில் பாலிசியை வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் பாலிசி என்றால் கோ-பே (பில்லில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், இதய சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பல்லையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அட்மிஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் அம்மாவின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது, ஈறு சீழ் வைத்திருந்தது. இதயத்துக்குள் ஒரு பொருளை வைக்கப் போகும்போது வாயில் சீழ் இருக்கக் கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்து அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பல்லைப் பிடுங்கி, ரத்தம் நின்று, புண் ஆற ஆறு நாள். லாட்ஜ் வாடகை ஒரு நாளைக்கு 1,400. கோவில்பட்டியிலேயே 300 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

சிகிச்சை அன்று காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முழு மயக்கம். வலது தொடைச் சிரை வழியாக எட்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குழாய், இதயத்தின் வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரில் சின்னத் துளை போட்டு இடது பக்கம் வரும். அங்கிருந்து கிளிப்பை இறக்கி, துடித்துக்கொண்டிருக்கும் வால்வின் இரண்டு இதழையும் கவ்விப் பிடிக்க வேண்டும். சரியாகக் கவ்வவில்லை என்றால் விரித்து மறுபடி பிடிக்கலாம், கழற்றி விடும்வரை வாய்ப்பு உண்டு. இதயத்தை நிறுத்துவதில்லை. இதெல்லாம் தெரிந்திருந்ததால் பயம் குறைந்ததா என்றால் இல்லை, ஒவ்வொரு படியாகப் பயப்பட முடிந்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட தாளில் இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம், கிளிப் ஒரு இதழிலிருந்து விடுபடலாம், வால்வு குறுகிப் போகலாம் என்று இருந்தது. சாட்சி கையெழுத்துக்கு ஆள் இல்லை. பக்கத்து நாற்காலியில் தன் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்த வேலூர் அம்மா ஒருவர் போட்டுக் கொடுத்தார். முடிந்தால் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்ட ஓடும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டால் யார் இருப்பது?

பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கிளிப்புக்குப் பிறகும் ஓரத்தில் கசிவு இருந்ததால் இரண்டாவதும் போட்டதாகவும், இப்போது லேசான கசிவுதான் என்றும் டாக்டர் சொன்னார். அம்மா அன்று முழுக்கக் காலை மடக்காமல் படுத்திருந்தாள். நாலாம் நாள் நடந்தாள். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். கிளிப்பின் விவரம் எழுதிய ஒரு அட்டை கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைக் காட்ட வேண்டும், பல் வைத்தியத்துக்குப் போனாலும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கேட்க வேண்டும். நான் அதை ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறேன், வீட்டில் தொலையாத ஒரே இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் தவறாக எதிர்பார்த்திருந்தேன். கிளிப் போட்டால் இதயம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். கதவைத்தான் சரி செய்திருக்கிறார்கள், மாரடைப்பில் செத்த தசை செத்ததுதான். பம்பிங் இன்னும் 38ஐத் தாண்டவில்லை. மாத்திரைகள் அத்தனையும் தொடர்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தெருமுனைக் கோயிலுக்குப் போய்வந்தால் வாங்காது. இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே போன் செய்ய வேண்டும். அதற்காக ஒரு எடை மெஷின் வாங்கினோம். காலையில் பல் தேய்த்ததும் ஏறி நின்று பார்த்து, கிழிக்கும் தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் அம்மாவே எழுதுகிறாள். தாளைக் கிழித்தாலும் எறிவதில்லை, நூலில் கோத்து வைத்திருக்கிறாள். அடுத்த செக்கப்புக்கு அந்தக் கட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இன்றைக்கு 51.4. தலையணை ஒன்று. நகை இன்னும் பாங்கில்தான் இருக்கிறது, வட்டி கட்ட வருகிற ஐந்தாம் தேதி போக வேண்டும்.